கேமராவிலேயே உள்ள ஃப்ளாஷின் கண்கூசும் ஒளியைத் தணிப்பது எப்படி?

2 பிப்ரவரி 2014 — கேள்வி

வீட்டு விசேஷங்களில் நான் எடுக்கும் படங்களில் முகங்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிடுகின்றன. பின்சுவரில் கன்னங்கரேல் என்று ஒரு நிழல் வேறு விழுகிறது. என்னிடம் இருப்பது கேனன் 600டி, அத்துடன் வந்த 18-55 லென்ஸ். தனி ஃப்ளாஷ் வாங்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. ஃப்ளாஷின் முகத்தில் டிஷ்யூ தாள் ஒட்டினால் போதும் என்றார் நண்பர். ஒட்டிப் பார்த்தேன், பெரிய மாற்றம் இல்லை. இரண்டு தாளாக ஒட்ட வேண்டுமா?

2 பிப்ரவரி 2014, இரவு

நான்கு தாள் ஒட்டினாலும் இதே கதைதான். ஷட்டர் திறப்பதற்கு முன்பே கேமரா ஒரு சிறு முன்மின்னலை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் ஒளியை லென்ஸ் வழியாகவே அளந்து, அசல் மின்னல் எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்று முடிவு செய்துவிடுகிறது. அந்த அளவீட்டின்போதே தாளும் ஒட்டப்பட்டிருப்பதால், தாள் விழுங்கிய ஒளியைக் கேமரா கூடுதலாக எரித்து ஈடுகட்டிவிடும். பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதைத் தவிர வேறு பலன் இராது.

கேள்வியில் இரண்டு புகார்கள் சேர்ந்து கிடக்கின்றன. முகம் வெளுப்பது ஒளியின் அளவைச் சேர்ந்தது. சுவரில் விழும் நிழல் கத்தி வெட்டாக இருப்பது ஒளி புறப்படும் பரப்பைச் சேர்ந்தது. முதல் புகாருக்கு எதையும் ஒட்ட வேண்டியதில்லை. கியூ பொத்தானை அழுத்தினால் வரும் திரையில், மின்னல் குறிக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் போட்ட ஓர் அமைப்பு இருக்கும். அதை -1 என்று வைத்து (ஒளி பாதியாகும்) ஒரு படம் எடுங்கள். போதவில்லையென்றால் -1⅔ வரை இறக்குங்கள். பச்சை நிற ஏ+ குறி போட்ட முழுத் தானியங்கி முறையில் இந்த வசதியே வராது. மேலே உள்ள சக்கரத்தைத் திருப்பி பி (பாதித் தானியங்கி), ஏவி (லென்ஸ் துவாரம் நம் கையில்), டிவி (ஷட்டர் வேகம் நம் கையில்), எம் (இரண்டும் நம் கையில்) ஆகிய நான்கில் ஒன்றுக்கு வந்தாக வேண்டும்.

3 பிப்ரவரி 2014

-1 வைத்தும் மாற்றமில்லை என்பவர்கள் மெனுவில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர் என்பதைத் தேடி அணைத்துவிட வேண்டும். படம் இருண்டிருப்பதாக அது கருதினால் தானாகவே வெளிச்சத்தை ஏற்றிவிடும். நாம் குறைக்கச் சொன்னதை வேறொரு கை பின்பக்கமாகக் கூட்டிக்கொண்டிருக்கும்.

5 பிப்ரவரி 2014

இரண்டாவது புகாருக்கு வருகிறேன். நிழலின் விளிம்பு கூர்மையாக விழுவதும் மெல்லக் கரைவதும், ஆள் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது ஒளிமூலம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தவை. 600டியின் ஃப்ளாஷ் முகப்பு ஏறத்தாழ 3 செ.மீ. அகலம். 2 மீட்டர் தள்ளி நிற்பவரின் கண்ணுக்கு அது ஒரு டிகிரிகூட இராது. வானத்தில் சூரியன் அரை டிகிரி அகலத்துக்குத் தெரிகிறது. ஆகவே உச்சி வெயிலில் ஒருவரை நிறுத்திப் படமெடுப்பதற்கும் இதற்கும் நிழலின் கூர்மையில் பெரிய வேறுபாடு இல்லை. வெயில் தலைக்கு மேலிருந்து அடிக்கிறது, ஃப்ளாஷ் மூக்குக்கு நேராக அடிக்கிறது என்பதால், வெயிலில் தெரியும் கன்ன மேட்டின் நிழல்கூட இதில் இல்லாமல் முகம் தட்டையாகிவிடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

முகப்போடு ஒட்டிய தாள் இந்த 3 செ.மீட்டரைப் பெரிதாக்குவதில்லை. அதே தாளைப் பெரிதாக எடுத்து, முன்னால் 15 செ.மீ. தள்ளிப் பிடித்தால் நிலைமை மாறும். ஏ4 அளவு ட்ரேசிங் தாளை ஒரு கம்பி வளையத்தில் கட்டி அப்படிப் பிடித்தால், தாளில் ஏறத்தாழ 20 செ.மீ. அகலத்துக்கு ஒளி பரவும். 1 மீட்டரில் இருக்கும் முகத்துக்கு அது 11 டிகிரி. கன்னத்தின் பளபளப்பு அடங்குவதும் மூக்கோர நிழலின் விளிம்பு கரைவதும் கண்ணுக்கே தெரியும். ஆளை 3 மீட்டருக்குத் தள்ளினால் இந்த ஆதாயம் பெரும்பாலும் போய்விடும். தொட்டில் குழந்தைக்கும் தட்டில் வைத்த பலகாரத்துக்கும் இது நல்ல வழி. மண்டபத்து மேடைக்கு ஆகாது.

5 பிப்ரவரி 2014, சற்றுப் பிறகு

செலவில்லாத இன்னொன்று: ஆளைச் சுவரோடு சாய்த்து நிறுத்தாதீர்கள். ஒன்றரை மீட்டர் முன்னால் வரச் சொன்னால் நிழல் கீழே விழுந்து படச் சட்டத்துக்கு வெளியே போய்விடும், சுவரும் சற்று இருண்டு முகம் எடுப்பாகும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் ஃப்ளாஷ் லென்ஸின் பக்கவாட்டுக்கு வந்துவிடுவதால் நிழல் காதோரம் ஒட்டிக்கொண்டு இரட்டைத் தலை போலத் தோன்றும். சுவர் அருகில் இருக்கும்போது கிடைமட்டமாகவே எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்வது என் வழக்கம்.

9 பிப்ரவரி 2014

டிஷ்யூ தாளைப் பற்றி முதல் நாள் எழுதியதை இன்று திரும்பப் படித்தபோது தாளுக்குக் கொஞ்சம் அநீதி செய்துவிட்டதாகத் தோன்றியது. அது உண்மையிலேயே உதவும் இடங்கள் உண்டு.

மிக அருகில் எடுக்கும்போது ஃப்ளாஷ் தன்னால் முடிந்த மட்டும் குறைத்துக்கொண்டாலும் ஒளி அதிகமாகவே இருக்கும், அதற்குக் கீழே இறங்க அதனால் முடியாது. ஒரு கம்மலையோ பூவையோ முப்பது நாற்பது சென்டிமீட்டரிலிருந்து எடுப்பவர்களுக்குத் தாள்தான் மிச்சமுள்ள வழி. அடுத்தது, வெள்ளையடித்த சிறிய அறை. தாள் ஒளியை நாலாபுறமும் சிதறடிப்பதால் அதில் ஒரு பங்கு சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வந்து நிழலைக் கொஞ்சம் நிரப்புகிறது. அதாவது படத்தை மென்மையாக்குவது சுவர், தாள் அல்ல. இதே தாளோடு மொட்டை மாடிக்கு இரவில் போனால் ஒரு பயனும் கிடைக்காது. திரும்பி வர அங்கே சுவர் ஏது? பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த சில சிறிய டிஜிட்டல் கேமராக்கள் லென்ஸ் வழியாக அளக்காமல், முன்பக்கத்துத் தனிக் கண்ணால் ஒளியை அளந்தன. அவற்றில் தாள் விழுங்கியதை முன்மின்னல் கண்டுபிடித்து ஈடுகட்டுவது என்ற பேச்சே இல்லை. ஆனால் அந்தக் கண்ணுக்குத் திரும்பி வரும் ஒளியும் குறைவதால் அது மின்னலை நீட்டத்தான் பார்க்கும். ஆதாயம் அங்கும் உறுதியில்லை.

ஃபிலிம் ரோல் வரும் வெள்ளை டப்பாவில் பிளவு போட்டு ஃப்ளாஷின் தலையில் மாட்டுவதும் இந்த வகைதான். சிறிய அறையில் அழகாக வேலை செய்யும். இப்போது அந்த டப்பாவைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை.

10 பிப்ரவரி 2014

விரலால் பாதி மறைத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். மறைக்கலாம். ஒளி விரலின் தசை வழியே செக்கச் செவேல் என்று வெளிவரும், வீட்டில் எல்லோருக்கும் ஆரத்தித் தண்ணீர் முகத்தில் கொட்டியிருக்கும்.

16 பிப்ரவரி 2014

ஒளியைத் தணிப்பதைவிட ஃப்ளாஷுக்கு வேலையைக் குறைப்பது மேல் என்பதுதான் என் முடிவு. ஐஎஸ்ஓவை, அதாவது ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனை, ஆட்டோவில் விட்டால் இந்த கேமரா ஃப்ளாஷ் எழும்பியதும் பெரும்பாலும் 400இல் நின்றுவிடும், பி முறையில் ஷட்டர் வேகம் 1/60 விநாடிக்குக் கீழே இறங்காது. ஆக அறையில் எரியும் குழல்விளக்கு, கூடத்துத் தொங்குவிளக்கு எதுவும் படத்தில் ஏறுவதற்குள் ஷட்டர் மூடிவிடுகிறது. ஃப்ளாஷ் ஒன்றே எல்லா வேலையையும் செய்கிறது. முகம் வெளுப்பாகவும் பின்னணி இருட்டாகவும் வருவதற்கு இதுதான் காரணம்.

எம் முறைக்கு வாருங்கள். ஐஎஸ்ஓ 800, எஃப்/4 (லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் சிறிதானால் துவாரம் பெரிது), ஷட்டர் 1/40 என்று வைத்து முதலில் ஃப்ளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அறை ஓரளவு இருட்டாக, ஆனால் என்ன எங்கே இருக்கிறது என்று தெரியும்படி வர வேண்டும். பிறகு ஃப்ளாஷை எழுப்பி -1 கொடுங்கள். எம் முறையிலும் ஃப்ளாஷ் மட்டும் தானாகவே தன் அளவைக் கணக்கிட்டுக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அறை வெளிச்சத்தின் கட்டுப்பாடு உங்கள் கையில், முகத்தின் மேல் தெளிக்கும் ஒளி கேமராவின் கையில். நிழல் விழுந்த இடத்தை அறையின் வெளிச்சமே நிரப்பிவிடுவதால், எதையும் ஒட்டாமலே படம் மென்மையாகிவிடும்.

ஏவி முறையிலும் இதைச் செய்யலாம். ஆனால் அங்கே ஷட்டரைக் கேமரா தேர்ந்தெடுக்கும், இருட்டைப் பார்த்துவிட்டு ஒரு விநாடி திறந்து வைத்தாலும் வைக்கும். ஃப்ளாஷோடு ஏவி முறை சேரும்போது ஷட்டரை 1/60க்குக் கீழே விடாதே என்று தனிப்பயன் அமைப்புகளில் கட்டளையிட முடியும். அப்படிச் செய்தால் பின்னணி மீண்டும் இருண்டுவிடும். ஓடியாடும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் 1/40க்குக் கீழே போனால், ஃப்ளாஷில் உறைந்த உருவத்தைச் சுற்றி அறை விளக்கில் பதிந்த இன்னொரு கலங்கல் உருவமும் வரும் என்பதையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

16 பிப்ரவரி 2014, இரவு

தூரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியது முழுமையாகாது. தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்கு, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. பந்தியை அதன் வரிசை நீளத்துக்கு எடுத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு அப்படியே இலையில் எழுதியிருக்கும். முதல் இலையில் அப்பளமும் சாதமும் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். இரண்டாவது இலை சரியாக இருக்கும். நான்காவது இலைக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர்களின் சட்டைப் பொத்தான் மட்டும் மின்னும். -1, -2 என்று இறக்குவதால் இது தீராது. முதல் இலை சரியானால் இரண்டாவதும் இருட்டில் போய்விடும். பந்திக்கு எதிர்ப்புறம் நின்று, எல்லோரும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் வரும்படி எடுப்பது ஒன்று, ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றி மண்டபத்து விளக்கை நம்புவது மற்றொன்று.

வீடியோக்காரர் சன் கன் விளக்கோடு வந்துவிட்டால் ஃப்ளாஷை மூடி வைத்துவிட்டு அவர் வெளிச்சத்திலேயே எடுத்துவிடலாம். அவருடைய உதவியாளரிடம் சிநேகமாக இருப்பது எந்த உபகரணத்தையும்விட மலிவு.

1 மார்ச் 2014

ஒளியைக் கூரைக்குத் திருப்புவது பற்றி. தனி ஃப்ளாஷுக்குத் தலை நிமிரும், இதற்கு நிமிராது. ஆகவே முன்னால் 45 டிகிரி சாய்வில் ஓர் அட்டையை நிறுத்தி ஒளியை மேலே அனுப்ப வேண்டும். வெளிநாட்டில் லைட்ஸ்கூப் என்ற பெயரில் இதையே கண்ணாடி பதித்து விற்றார்கள். வீட்டில் செய்ய நான் கண்ட நல்ல பொருள் மிட்டாய்க்கடை அட்டைப்பெட்டியின் உள்பக்கத்து வெள்ளிப் பூச்சு. நெய் படாத மூடிப் பகுதியை விசிட்டிங் கார்டைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, அடிப்பக்கம் இரண்டு பிளவு போட்டு, ஃப்ளாஷ் எழும்பும் கையின் இரண்டு பக்கத்திலும் செருகினால் நின்றுகொள்ளும். வெறும் வெள்ளை அட்டை கொஞ்சம் ஒளியைத் தன் வழியே முன்னுக்கும் விட்டுவிடுகிறது, வெள்ளிப் பூச்சு விடுவதில்லை.

கூரையில் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு ஒளித் திட்டு விழுந்தால், 2 மீட்டர் கீழே இருப்பவருக்கு அது 40 டிகிரிக்கு அருகில் தெரியும் ஒளிமூலம். முன்பு ஒரு டிகிரிகூட இல்லாததோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இதற்கு விலை உண்டு. மேலே போய்ச் சிதறித் திரும்புவதற்குள் இரண்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது), சில வீடுகளில் அதற்கும் மேலாகவே ஒளி போய்விடும். 600டி ஃப்ளாஷின் கைட் நம்பர், அதாவது எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி எட்டும் தூரத்தைத் தரும் எண், ஐஎஸ்ஓ 100இல் 13 மீட்டர்தான். அதாவது எஃப்/5.6இல் நேராக அடித்தாலே 2.3 மீட்டருக்கு மேல் தாங்காது. கூரைக்கு அனுப்பும்போது ஐஎஸ்ஓ 800க்குக் குறையாமல் வைத்து, லென்ஸை 18 மி.மீ. பக்கம் கொண்டுவந்து எஃப்/3.5இல் திறந்துவிட வேண்டும். முன்பு -1 கொடுத்திருந்தால் அதையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது.

நம் வீடுகளில் இரண்டு இடைஞ்சல்கள். ஒன்று கூரை விசிறி. அதன் இறக்கை குறுக்கே வந்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும், விசிறிக்கு நேர் கீழே நிற்காமல் தள்ளி நின்றால் சரியாகிவிடும். மற்றது கூரையின் நிறம். இளம் பச்சை டிஸ்டெம்பர் அடித்த கூடத்தில் எடுத்தால் மணப்பெண்ணுக்கு மஞ்சள் காமாலையோ என்று உறவினர் பயந்துவிடுவார்கள். ஓட்டு வீட்டில் இந்த முயற்சியே வேண்டாம், பக்கத்தில் வெள்ளைச் சுவர் இருந்தால் அட்டையைச் சாய்த்து ஒளியை அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்கள்.

2 மார்ச் 2014

மறந்து போனது. தாளோ கலர்த் தாளோ எதுவானாலும் ஃப்ளாஷ் முகப்பில் இறுக்கி ஒட்டாமல் சிறிது இடைவெளி விடுங்கள். முழுத் திறனில் அடுத்தடுத்து எரிந்தால் முகப்பு சூடேறும், அடர்நிறத் தாள் கருகும், மெல்லிய பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொள்ளும். ஃப்ளாஷைப் பிரித்து உள்ளே தாள் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டை ஒட்டி மின்னூட்டம் நிற்கும், அணைத்த பிறகும் நெடுநேரம் இருக்கும். பிரிக்கவே வேண்டாம்.

19 ஏப்ரல் 2014

ஒரே அறையில் ஒரே அமைப்பில் தாத்தா படம் இருட்டாகவும் பேத்தி படம் வெளுப்பாகவும் வருகிறது என்ற கேள்விக்கு: தாத்தா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முன்மின்னல் அதில் பட்டுப் பலமாகத் திரும்புவதால் ஒளி ஏராளம் என்று கேமரா எண்ணிக் குறைத்துவிடுகிறது. பேத்தி கருநீலப் பாவாடையோடு இருண்ட வாசலுக்கு முன்னால் நிற்கிறாள். அங்கே ஒளி திரும்பாததால் கூட்டிவிடுகிறது. 2004இல் வந்த ஈ-டிடிஎல் 2 என்ற கேனனின் ஃப்ளாஷ் அளவீட்டு முறை, லென்ஸ் சொல்லும் தூரத்தையும் கணக்கில் சேர்த்து இந்தத் தடுமாற்றத்தைக் குறைக்கப் பார்க்கிறது, முற்றிலும் ஒழிக்கவில்லை. வேட்டிக்கு +⅔, இருண்ட வாசலுக்கு -1 என்று கையாலேயே மாற்றிக்கொள்வது நல்லது.

அதைவிடத் துல்லியம் வேண்டுமென்றால் நட்சத்திரக் குறி போட்ட பொத்தான் இருக்கிறது. முகத்தை நடுவில் வைத்து அதை அழுத்தினால் முன்மின்னல் மட்டும் அடித்து, அந்த அளவு பூட்டப்படும். பிறகு சட்டத்தைச் சரிசெய்து எடுக்கலாம். முன்மின்னலையே படம் என்று நினைத்து எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒவ்வொரு படத்திலும் கண்ணை மூடும் அத்தைக்கும் இது மருந்து. அவர் சிமிட்டுவது முன்மின்னலுக்குத்தான். அதைத் தனியாக அடித்துத் தீர்த்துவிட்டால் அசல் மின்னலின்போது கண் திறந்திருக்கும்.

20 ஏப்ரல் 2014

கொஞ்சம் பழங்கதை. 1987இல் பென்டாக்ஸ் எஸ்எஃப்எக்ஸ்தான் லென்ஸ் வழியாக அளந்து எரியும் ஃப்ளாஷைத் தன் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்த முதல் எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா). அதற்கு வெகுகாலம் முன்பு, பல்பு ஃப்ளாஷ் காலத்தில், பத்திரிகைக்காரர்கள் உள்ளங்கையைவிட அகலமான எதிரொளிப்புத் தட்டைக் கேமராவுக்குப் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்து எடுத்தார்கள். தட்டின் அகலமும் லென்ஸை விட்டு அது விலகியிருந்ததும் சேர்ந்து, கண் சிவப்பதையும் முகம் தட்டையாவதையும் தடுத்தன. வசதி கருதி நாம் தட்டை 3 செ.மீட்டராக்கி லென்ஸின் தலைமேல் ஏற்றினோம். இப்போது அதை மறுபடி பெரிதாக்கிச் சற்று நகர்த்தி வைக்க மிட்டாய்ப் பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

28 செப்டம்பர் 2014

கொலு எடுப்பவர்கள் கவனத்துக்கு. படிகளில் வைத்த பொம்மைகள் பெரும்பாலும் வார்னிஷ் பூசியவை, நேர் ஃப்ளாஷுக்கு ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி வரும். சாமி படங்களின் கண்ணாடியில் ஃப்ளாஷே நட்சத்திரமாகத் தெரியும். பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து எடுத்தால் கண்ணாடியின் எதிரொளி வேறு திசைக்குப் போய்விடும். வார்னிஷ் புள்ளிக்கு அந்த ட்ரேசிங் தாள் வளையம் உதவும். புள்ளி மறையாது, ஆனால் விரிந்து மங்கிவிடும்.

குத்துவிளக்கு இருந்தால் சிக்கல் வேறு. சுடரின் நிறம் ஆழ்ந்த மஞ்சள், ஃப்ளாஷின் நிறம் பகல் வெளிச்சம். இரண்டும் கலந்தால் விளக்குப் பக்கம் பொன்னாகவும் முகம் நீலம் பாய்ந்தும் இருக்கும். ஃப்ளாஷின் மேல் ஆரஞ்சு நிறக் கண்ணாடித் தாள் ஒரு சுற்றுச் சுற்றி, கேமராவின் நிறத் திருத்த அமைப்பான வெள்ளைச் சமநிலையைப் பல்பு குறிக்கு மாற்றுங்கள். அதோடு -1⅔, ஷட்டர் 1/15, கேமரா முக்காலியில். முகத்தில் விழுவது விளக்கொளியே என்று பார்ப்பவர் நம்பிவிடுவார். இந்த இழையில் எழுதிய எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

2 நவம்பர் 2014

வெயிலில் எடுக்கும்போது முகத்து நிழலை நிரப்ப இதே ஃப்ளாஷ் போதுமா என்றால், அங்கே புகார் தலைகீழ். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200க்கு மேல் ஃப்ளாஷோடு ஒத்துப்போகாது, அந்த ஷட்டருக்கு நல்ல வெயிலில் எஃப்/11 வரும். 13ஐ 11ஆல் வகுத்தால் 1.2 மீட்டர். அதற்குள் நின்றால்தான் ஃப்ளாஷ் வெயிலுக்குச் சமமாகும். நிரப்புவதற்கு வெயிலில் பாதி அளவு போதும் என்று கொண்டாலும் 1.7 மீட்டர்தான். வெளியில் போகும்போது டிஷ்யூ, டப்பா, அட்டை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். லென்ஸின் முன்னால் மாட்டும் நிழல் வளையமான லென்ஸ் ஹுட்டையும் கழற்றுங்கள், இல்லாவிட்டால் படத்தின் கீழ்ப்பகுதியில் அதன் நிழல் பிறைவடிவில் விழும். ஃப்ளாஷைவிட, எதிரே ஒருவர் பிடித்திருக்கும் தெர்மோகோல் பலகை நன்றாக வேலை செய்யும். சினிமா படப்பிடிப்பில் அதைத்தான் பிடிக்கிறார்கள்.

11 ஜனவரி 2015

பரணில் கிடந்த பழைய ஃபிலிம் காலத்துத் தனி ஃப்ளாஷை இதன் தலையில் மாட்டலாமா என்று கேட்டவருக்கு: உடனே மாட்டாதீர்கள். அவற்றில் சிலவற்றின் அடிப்பகுதி மையத் தொடுமுனையில் 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும், அது டிஜிட்டல் கேமராவின் சுற்றைப் பாழாக்கக்கூடும். புது பேட்டரி போட்டு, ஃப்ளாஷை எரிய விட்டு, தயார் விளக்கு வந்ததும் மல்டிமீட்டரின் ஒரு முனையை நடுப்புள்ளியிலும் மறுமுனையை ஓரத் தகட்டிலும் வைத்து அளந்து பாருங்கள். 6 வோல்ட்டுக்குள் இருந்தால் மாட்டலாம். தலை நிமிரும் ரகமாக இருந்தால், இந்த இழையில் உள்ள அட்டை வேலைகள் எதுவும் இனி உங்களுக்குத் தேவைப்படாது. அது கேமராவோடு பேசாது என்பதால் ஒளியின் அளவை மட்டும் நீங்களே கையால் வைக்க வேண்டியிருக்கும்.